லோக்கல் ஆளுக்கு ஆனிச் சாரல் எதற்கு

என் மாமியார் எங்கள் ஊர் அருவியை முதன்முதலில் பார்த்தது ஒரு மே மாதத்தில். அதாவது, அவர் பார்த்தது பாறையை.

குற்றாலத்தில் பேரருவிக்கு எதிரே நின்று, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, உச்சியிலிருந்து அடிவரைக்கும் நிதானமாக ஒருமுறை பார்த்தார். பாறையில் காய்ந்து ஒட்டியிருந்த பாசியை ஒரு குரங்கு சுரண்டிக்கொண்டிருந்தது. "இன்னாடி இது? குழாய மூடிட்டாங்களா?" என்று கேட்டார். கேட்டவர் சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்து அதோடு விட்டிருப்பேன். ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து கால் வீங்கி வந்தவருக்குச் சிரிப்பு வரவில்லை. என் கணவர் மட்டும் பாறைக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அவ்வளவு தூரம் வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே.

மே மாதம் வேண்டாம், ஆனி பிறக்கட்டும் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே. என் கணவர் ஒரகடத்தில் கார் பாகங்கள் வைக்கிற குடோன் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், லைனில். அவருக்கு ஒரு ஷிஃப்ட், எனக்கு ஒரு ஷிஃப்ட். அவர் செருப்பைக் கழற்றும்போது நான் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பேன். இரண்டு கம்பெனியும் சேர்ந்தாற்போல் மூடுவது மே மாதத்து ஷட்டவுனுக்கு மட்டும்தான். அப்போது மெஷினுக்கு சர்வீஸ் நடக்கும், மனிதர்களுக்கு லீவு கிடைக்கும். "லீவு எப்ப கீதோ அப்பதாம்மா சீசன்" என்று சொல்லிவிட்டு டிக்கெட்டைப் போட்டார். அருவிக்கும் ஷட்டவுன் உண்டு என்பதை அவரிடம் யார் சொல்வது? நான்தான் சொன்னேன், காதில் வாங்கவில்லை.

வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது என் புகுந்த வீடு. திரும்பி வந்த வாரமே அந்தப் பாறை ஊரெல்லாம் பிரசித்தமாகிவிட்டது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பாறை, ரேஷன் கடை வரிசையில் பாறை, முருகன் கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்தால் அங்கேயும் பாறை. "எம் மருமவ ஊட்ல அருவி அருவின்னு பீத்திக்கினா. போயி பாத்தா மொட்டப் பாறடி. நம்ம கல் குவாரிய பாத்திருந்தா பஸ்ஸு செலவாவது மிச்சம்." நான் என் ஊரைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், தட்டில் சோறு போட்டபடியே, "பாறைதானே" என்பார். ஒருநாள் என் மகளுக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது பைப்பில் தண்ணீர் நின்றுபோனது. குழந்தை கண்ணில் சோப்போடு கத்துகிறது. உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார்: "இன்னாடி, உங்கூரு அருவி ஆயிடுச்சா?"

இதில் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வருகிறது என்று என் கணவருக்குப் புரிந்ததே இல்லை. மாமியார் மருமகள் சண்டை என்றால் இட்லிக்கு, சேலைக்கு, பிள்ளைக்கு என்றுதான் அவருக்குத் தெரியும். அருவிக்காக ஒருத்தி மூக்கைச் சிந்துவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நான் பொய் சொல்கிறேன் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் நம்பவும் இல்லை. அதுதான் என்னைத் தின்றது.

எங்கள் பக்கத்தில் சாரல் என்பது தனி விவகாரம். மேற்கே கேரளாவில் கொட்டுகிற மழை மலையைத் தாண்டி வருவதற்குள் களைத்துப்போய் எங்களுக்குச் சாரலாக விழும். மலையில் சேர்ந்த தண்ணீர் அருவியாக இறங்கும். ஆனி, ஆடி, ஆவணி. அந்த மாதங்களில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூறும். குடை பிடித்தாலும் நனைவோம், பிடிக்காவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடுவோம். அருவிக்குப் போகிற வழியில் அந்த சீசனுக்கு மட்டும் அப்பா ஒரு பழக்கடை போடுவார். மங்குஸ்தான், ரம்புட்டான், முட்டைப்பழம். தார்ப்பாயைக் கட்டி, நாலு மூங்கில் கூடையை வைத்தால் கடை. கடைக்கு முகம் ரோட்டைப் பார்த்து இருக்கும், அருவி அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இரைந்துகொண்டிருக்கும். அம்மா இருந்த காலத்தில் என்னைப் பெண்கள் பக்கம் கூட்டிப்போய்த் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்குவாள். ஈரப் பாவாடையோடு ஓடிவந்து கடைக்குள் உட்கார்ந்தால் அப்பா ஒரு மங்குஸ்தானை உள்ளங்கையில் வைத்து அழுத்தி உடைத்துத் தருவார். எனக்கு சீசன் என்றால் அதுதான்.

என் ஆசை ஒன்றும் பெரியதல்ல. தண்ணீர் விழுகிற ஒரு நாளில், அப்பா கடை போட்டிருக்கும்போது, இவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே நிறுத்த வேண்டும். நானும் தலையைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். எனக்குக் கல்யாணமாகி, மகளும் ஒன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், அந்த ஒரு நாள் மட்டும் வரவில்லை.

சரி, மாதத்தை எண்ணிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தால் எனக்குத் தலை சுற்றும். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. அதற்கு முன்னால் வானத்திலிருந்து விழுவதெல்லாம் அவர்கள் கணக்கில் தூறல். ஆனி மாதம் இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும்போது, "எங்க ஊர்ல இப்ப சாரல் அத்த" என்றால் மாமியார் வாசலுக்குப் போய் வானத்தை அண்ணாந்து பார்ப்பார். தென்காசி வானத்தையும் சேர்த்து இங்கேயிருந்தே பார்த்துவிடுவார். "நெருப்பா கொட்டுது. எந்த அருவில தண்ணி விழும்? வேலையப் பாரு." ஆடி என்றால் கேட்கவே வேண்டாம். தெருத்தெருவாகக் கூழ் ஊற்றுவார்கள், ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் வீட்டில் காவடி எடுப்பார்கள். சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள், பெரிய அண்டாவில் சோறு வடிக்க நான் வேண்டும். ஆவணியில் கல்யாணம், காதுகுத்து. பத்திரிகை வைத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போகாவிட்டால் மானம் போய்விடும்.

ஐப்பசியில் லீவு கேட்டால் கிடைக்கும், பஸ்தான் கிடைக்காது. ஒரகடம் ரோட்டில் லாரி மிதக்கும். அங்கே அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை என்று கயிறு கட்டிவிடுவார்கள். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்ட சாமிகள் கூட்டம், அருவிக்கரையில் ஊசி போட இடமிருக்காது. தைப் பொங்கலுக்குத் தெற்கே போகிற பஸ்ஸில் டிக்கெட் வாங்குவதற்குள் மாட்டுப் பொங்கலே முடிந்துவிடும். மாசி, பங்குனி, சித்திரை? பாறை. வேண்டிய மட்டும் பாறை.

இந்த அழகில் ஆளாளுக்கு யோசனை வேறு. கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டோடு எதிரே உட்கார்ந்தவர்களெல்லாம் எனக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். கம்பெனி பஸ் டிரைவர், "வைகாசி கடேசில போ, கூட்டம் இருக்காது" என்றார். தண்ணீரும் இருக்காது என்றேன். "கூட்டம் இல்லாம குளிக்கலாம்ல" என்றார். இவர்களிடம் என்ன பேசுவது!

இதையெல்லாம்கூடத் தாண்டிவிடலாம். தாண்ட முடியாத சுவர் ஒன்று இருந்தது. நான் லோக்கல் ஆகிவிட்டேன்.

எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் தெற்கத்திப் பெண்கள். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறவர்கள். நானும் அப்படித்தான் பெட்டியோடு வந்து இறங்கினேன். ஹாஸ்டலில் இருந்தவரை லீவு ஒரு பிரச்சினையே இல்லை. "ஊருக்குப் போணும் சார், அம்மன் கோயில் கொடை" என்று திருவிழாவைச் சொன்னால் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது கொடுப்பார்கள். பெற்றவர்களை விட்டு வந்த பிள்ளைகள், அனுப்பாவிட்டால் ஒரேயடியாகப் போய்விடுவார்கள் என்ற பயம். உள்ளூர்ப் பெண்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஊரிலேயே இருக்கிறவர்களுக்கு ஊருக்குப் போக லீவு எதற்கு? மற்றவர்கள் ஊருக்குப் போகும்போது லைனை ஓட்டத்தான் உள்ளூர் ஆட்கள். யாரும் எழுதிவைத்த விதி அல்ல, ஆனால் எல்லோருக்கும் தெரியும். நான் இந்த ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டு ஹாஸ்டலைக் காலிசெய்த அன்றைக்கே அந்தப் பக்கம் போய்விட்டேன். அதை எனக்குத் தாலி கட்டும்போது யாரும் சொல்லவில்லை. இன்னும் நான் 'வருதேன், போறேன்' என்றுதான் பேசுகிறேன். மாமியார் வீட்டிலோ நான் தெற்கத்திக்காரி, குழம்பில் காரம் போட்டால் "தெக்கத்தி காரம்" என்பார்கள். கம்பெனியில் மட்டும் லோக்கல். எந்த இடத்தில் எது எனக்கு வசதியில்லையோ அந்த இடத்தில் நான் அதுவாக இருந்தேன்.

அப்பாவாவது இங்கே வரட்டும் என்றால் அவருக்கு ஓய்வு கிடைப்பது ஐப்பசியில். பாறை பார்த்த அதே வருஷம் வந்தார். வந்த அன்று ஆரம்பித்த மழை அவரைத் திருப்பி அனுப்புகிற வரை விடவில்லை. ஏரியாக இருந்த இடத்திலெல்லாம் காம்பவுண்டு சுவர் எழுப்பியாயிற்று, தண்ணீர் எங்கே போகும்? எங்கள் நடுவீட்டுக்கு வந்தது. மருமகன் வீட்டுக்கு வந்த மனிதர் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, மிதந்துபோகிற செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏளா, எங்கூர்ல மழை பெஞ்சா ஓடிரும். ஒங்கூர்ல என்ன இப்பிடி நிக்கி?" என்றார். மாமியாருக்கு சுருக்கென்றது. "எங்கூர்லயாவது தண்ணி கீது சம்மந்தி" என்றார். அப்பா கட்டிலில் காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார். பாறை விஷயத்தில் ஏதோ தன் கடையில் அழுகிய பழம் கொடுத்துவிட்டதுபோல அவருக்கு ஒரு வெட்கம் இருந்தது.

இந்த வருஷம் வைகாசியில் போன் செய்தார். "ஆனிச் சாரல் இப்பமே லேசா எட்டிப் பாக்கு. இந்தச் சீசனோட கடைய எடுத்துருதேன்ளா. முட்டி வலி தாங்க முடியல. கூடைய எறக்க முடியல, ஏத்த முடியல." அழவில்லை, குறைப்படவில்லை, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். இந்த ஆனி போனால் அந்தத் தார்ப்பாய் இல்லை. அதற்கடியில் உட்கார்ந்து மங்குஸ்தான் தின்ன என் மகளுக்கு வேறு ஆனி கிடையாது.

அன்றைக்கே முடிவு செய்தேன். சூப்பர்வைசரிடம் வாரக்கணக்கில் முன்கூட்டியே போய் நின்றேன். என்னைவிட இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். எங்கள் கம்பெனியில் ஆனியிலிருந்து வேலை ஏற ஆரம்பிக்கும், தீபாவளி வரை ஓவர்டைமுக்கு மேல் ஓவர்டைம். இருந்தாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிக்கா, போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். என் கணவர் ஆச்சரியமாக முதல் சொல்லிலேயே லீவு வாங்கிவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் மகளுக்கும் பஸ்ஸில் மூன்று சீட். பள்ளிக்கூடத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் திரும்பிவிடுவோம், அதனால் மாமியாரும் தடுக்க முடியவில்லை. "மறுபடியும் பாறையா? நல்லா பாத்துனு வாங்க" என்று மட்டும் சொன்னார். அவரைக் கூப்பிட்டும் பார்த்தேன். "ஒருவாட்டி ஏமாந்தது போதும்" என்றார்.

கிளம்புவதற்கு முதல் நாள் சூப்பர்வைசர் லைனுக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அவசர ஆர்டர். ஞாயித்துக்கிழமையும் லைன் ஓடுது. உங்க லீவ நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"டிக்கெட் போட்டாச்சி தம்பி. எங்கப்பா கடைய எடுக்காரு. இத விட்டா வேற சீசன் இல்ல."

"புரியுதுக்கா. ஹாஸ்டல் பொண்ணுங்க நாலு பேரு கோயில் கொடைக்குப் போறாங்க. அவங்கள நிறுத்த முடியாது. நீங்க லோக்கல் தானே, அப்புறமா போய்க்கலாம்."

"அப்புறமா போனா தண்ணி இருக்காது தம்பி!"

லைனே திரும்பிப் பார்த்தது. அவர் சங்கடத்தோடு மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். சொல்லாமல் லீவு போட்டுவிடலாம்தான். ஆனால் கான்ட்ராக்டில் இருக்கிற எங்களில் யாரை நிரந்தரமாக்குவது என்று பார்க்கிற சமயம் அது. இத்தனை வருஷம் காத்திருந்துவிட்டு ஒரு அருவிக்காக அதை விட முடியுமா? முடியவில்லை. அந்த நாலு பேரில் ஒருத்தி ஆலங்குளத்துப் பெண். எனக்கு அடுத்த இடத்தில் வேலை பார்க்கிறவள். வெள்ளந்தியாகச் சொன்னாள்: "அக்கா, நான் கொடை முடிஞ்சி குத்தாலத்துல குளிச்சிட்டுதான் வருவேன். ஒங்களுக்கு என்ன வேணும்?" அவள் மேல் என்ன தப்பு? ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர் டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம் என்று நல்ல மனதோடுதான் சொன்னார். அப்போது எழுந்து வந்தார் என் மாமியார். எடுத்த டிக்கெட் வீணாகப் போவது அவர் வாழ்க்கையில் பொறுத்துக்கொள்ள முடியாத விஷயங்களில் முதலாவது.

"இன்னாத்துக்கு கேன்சல் பண்ற? கொழந்த ஆசையா கீதுல்ல. அவ சீட்ல நான் வரேன்."

பாறை, பாறை என்று வருஷக்கணக்கில் என்னை அரைத்தவர், என் சீட்டில், என் ஊருக்கு, என் அப்பா கடைக்கு. நான் மடித்து வைத்திருந்த துண்டையே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். எனக்குக் காலை ஷிஃப்ட் இருந்தது.

எங்கள் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் திறந்தால் வீடியோ வீடியோவாக வந்து விழுந்திருந்தது. அருவி வெள்ளைவெளேரென்று கொட்டுகிறது. என் மகள் அலறிச் சிரிக்கிறாள். மாமியார், ஆமாம், என் மாமியார், நனைந்த சேலையோடு, அவிழ்ந்த கொண்டையோடு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "வாடா, வாடா, உள்ள வாடா" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்துகிறார். என் கணவர் வழுக்கி விழுந்து எழுந்து போனை நனைக்கிறார். கடைசி வீடியோவில் ஒரு ஓரத்தில் நீலத் தார்ப்பாய், அதற்கடியில் பழத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கும் அப்பாவின் குனிந்த தலை. வெளியே ஸ்ரீபெரும்புதூர் வெயில் பஸ் கண்ணாடியில் அடித்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். போனை எடுத்து எறியலாம்போல இருந்தது.

அவர்கள் திரும்பி வந்ததும் எனக்குப் புதிய தண்டனை ஆரம்பித்தது. மாமியார் நிபுணராகிவிட்டார்.

"ஆனி கடேசி இருக்கு பாரு, அதான் கரெக்டு" என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் விளக்கம் சொன்னார். "கேரளாவுல பேஞ்சா மூணாம் நாளு இங்க தண்ணி விழும். காத்து மேக்காலருந்து வரணும். அது தெரியாம மே மாசத்துல எவளாவது போவாளா? கூறு கெட்டவ." கூறு கெட்டவள் யார் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் எனக்கே வகுப்பு நடந்தது. சாரல் என்றால் என்ன, அருவியில் எந்தப் பக்கம் தண்ணீர் மெதுவாக விழும், எண்ணெய் தேய்த்த பிறகு எவ்வளவு நேரம் நிற்கலாம். "உனக்கு இதெல்லாம் தெரியாதுடி" என்றார் ஒருநாள். தெரியாதாம்! அந்தத் தண்ணீரில் தலை முளைத்தவள் நான்.

ஒன்றே ஒன்றுதான் என்னைக் குத்தாமல் தைத்தது. பையைப் பிரிக்கும்போது மங்குஸ்தான் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு, "உங்கப்பா உன்னயே கேட்டுனு இருந்தாருடி" என்றார். அதற்கு மேல் ஏதோ சொல்ல வந்து, துண்டைக் காயப்போடப் போய்விட்டார். ஆடிக் கிருத்திகை வந்தது, அண்டாவில் சோறு வடித்தேன். ஆவணி முடிகிற சமயத்தில் அப்பா கடையை எடுத்துவிட்டார். தார்ப்பாயை மாட்டுத் தொழுவம் வைத்திருக்கிற யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

புரட்டாசியில் ஒருநாள் சூப்பர்வைசர் பல்லெல்லாம் தெரிய என்னிடம் வந்தார்.

"அக்கா, பார்ட்ஸ் வரல. லைன் ஒரு வாரம் நிக்குது. இப்ப தாராளமா ஊருக்குப் போய்ட்டு வாங்க!"

அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். எனக்கு நல்லது செய்துவிட்ட நிறைவு. நான் அவரை என்ன செய்வது? காது குத்தின பிறகு கடுக்கன் செய்து கொடுத்தாலாவது போட்டுக்கொள்ளலாம், காதே போன பிறகு எதற்கு? "சந்தோசம் தம்பி" என்றேன். குரல் வந்த விதத்தில் அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

போகக்கூடாது என்றுதான் வீம்பாக இருந்தேன். மகளுக்குக் காலாண்டுப் பரீட்சை, கணவருக்கு லீவு இல்லை. மாமியாரோ, "இப்ப போயி இன்னாத்தப் பாக்கப் போற? தண்ணி கெடையாது. நான் சொல்றேன் கேளு" என்றார். அவர் சொன்னதாலேயே கிளம்பினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தென்காசியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அப்பா நிற்கிறார். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. ஹாஸ்டலில் இருந்த காலத்தில் சீசனில் வந்து இறங்கும்போதெல்லாம் நானாகத்தான் ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போவேன். பஸ் ஸ்டாண்டுக்கு வர அவருக்கு ஏது நேரம்? இப்போது முழுக்கைச் சட்டை போட்டு, சவரம் செய்து, கையில் துண்டும் எண்ணெய்க் குப்பியுமாக நின்றார். "வீட்டுக்குப் பொறவு போலாம். வா, அருவிக்குப் போயிட்டு வந்துருவோம்" என்றார்.

போகிற வழியில் கடை இருந்த இடத்தில் தார்ப்பாய்க்குக் கம்பு நட்ட நாலு குழி மட்டும் இருந்தது. நான் அதைப் பார்க்காததுபோல வந்தேன். அருவியில் தண்ணீர் குழந்தைக்கு மூக்கு ஒழுகுவதுபோல இரண்டு மூன்று இடத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டமே இல்லை. "கொறச்சலாத்தான் விழுது. போன வாரமாவது வந்திருக்கலாம்லா" என்றார் அப்பா. நீங்களுமா என்று எரிச்சலாக வந்தது. ஆனி, ஆடி, போன வாரம். நான் வருகிற நாள் மட்டும் யாருக்கும் நல்ல நாள் இல்லை.

அவர் பதில் எதிர்பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தலையில் எண்ணெயை வைத்துத் தட்டிக்கொண்டு, முட்டியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி ஆண்கள் பக்கம் போனார். நான் பெண்கள் பக்கம் போய் நின்றேன். இடையில் இரும்புக் கம்பி. அந்தச் சன்னத் தண்ணீருக்குக் கீழே அப்பா தலையைக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். வழுக்கைத் தலையில் தண்ணீர் பட்டுத் தெறித்தது. நெஞ்செலும்பு ஏறி இறங்கியது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ புதிதாக இருக்கிறதே, என்ன அது என்று தேடிக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா அருவியில் குளித்து நான் பார்த்ததே இல்லை.

"அப்பா, சீசன்ல நீங்க குளிக்கவே மாட்டியளோ?" என்று கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன்.

"கடைய யாரு பாப்பா? நீயா?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

என் பிறப்பிலிருந்து எத்தனை ஆனி, எத்தனை ஆடி. ஊரெல்லாம் வந்து குளித்துவிட்டுப் போன அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மனிதர். என் மாமியார் குளித்த தண்ணீரில்கூட இவர் நனைந்திருக்கவில்லை. சட்டென்று போய் என் பக்கத்துத் தண்ணீரில் தலையைக் கொடுத்தேன். தண்ணீர் குறைவுதான், ஆனால் ஜில்லென்றிருந்தது.

மேலே வைத்திருந்த பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. பிள்ளைக்கு ஏதாவதோ என்று ஈரத்தோடு ஓடிப்போய் எடுத்தேன். மாமியார்.

"இன்னாடி, போய்ச் சேந்தியா? தண்ணி விழுதா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா தண்ணீருக்கு முதுகைக் கொடுத்து நின்றிருந்தார். பிறகு முகத்தைக் கொடுத்தார்.

"விழுது அத்த. நல்லா விழுது."

"பொய் சொல்லாத. பொரட்டாசில எப்டிடி விழும்? எனக்குத் தெரியாதா?"

போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் படியிறங்கினேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பா இன்னும் வெளியே வரவில்லை.